மழையில் போன மண்

மச்சான்,

இன்று காலை கம்பெனி வாசல் புல்தரையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். கோரை ஒன்றை வேரோடு இழுத்தபோது கிழங்கு நசுங்கி அந்த வாசனை வந்தது. கற்பூரமும் ஈர மண்ணும் கலந்தது போல ஒரு வாசனை, உனக்குத் தெரியாததா. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மத்தியானம் சோற்றில் கை வைத்தேன், சோறும் அதே வாசம் அடித்தது. டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

நீ போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். "கேக்க ஆளில்லன்னா ஒனக்கு நல்லா வாய் வருமே" என்று கிண்டல் செய்வாய். செய். எனக்கு அது வேண்டும்தான்.

நம் இரண்டு வீட்டு நைனாக்களும் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நம் காலத்தில்தான் சர்க்கார் குன்றடியில் ஆளுக்குக் கொஞ்சம் பட்டா கொடுத்தது. பட்டா என்று பேர், கையில் கிடைத்தது கல்லும் கருவேல முள்ளும். நான் என் பங்கை அப்படியே போட்டுவைத்தேன். நீயோ என் தங்கச்சி மங்கம்மாவைக் கட்டிய கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு கல் பொறுக்கப் போனாய். கோடையில் ஏரி வற்றியதும் இருவரும் கூடைகூடையாக வண்டலைத் தலையில் சுமந்து வந்து கொட்டினீர்கள். வண்டி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "வண்டிக்காரன் மேல இருக்கற மணல வாரிக்கினு வருவான், நமக்கு அடி மண்ணு வேணும்" என்றாய். ஏழு கோடை அப்படிப் போனது. எட்டாம் வருஷம் உன் நிலத்து வேர்க்கடலையைப் பார்க்க ஊரே வந்தது. வண்டலோடு கோரையும் வந்துவிட்டது. "மண்ண கூப்ட்டா அது மாமியாரையும் கூட்டிக்கினு வந்துட்ச்சி" என்று நீ சொன்னதை மங்கம்மா இன்னமும் சொல்வாள்.

பிறகு மெட்ராஸில் வீடுகள் மாடிமேல் மாடியாக ஏறத் தொடங்கின. ரோடுகள் அகலமாயின. எல்லாவற்றுக்கும் ஜல்லி வேண்டும், நம் குன்று முழுக்க ஜல்லி. கல் குவாரிக்காரர்கள் வந்தபோது முதலில் கையெழுத்துப் போட்டவன் நான். சும்மா கிடந்த நிலம், எனக்கென்ன. பட்டா நிலத்தைச் சர்க்கார் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஆபீசில் சொன்னதும் மற்றவர்களும் போட்டார்கள். நீதான் கடைசி. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் ஒன்று கேட்டாய்.

"எங்க நெலத்து மேல் மண்ண மட்டும் ஓரமா தனியா கொட்டணும் சார். யாரும் அத்த தொடக் கூடாது."

அவர் தெலுங்கர். பக்கத்திலிருந்தவன் தெலுங்கில் எடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "மட்டியா? தினடானிக்கா?" என்றார். மண்ணா, தின்பதற்கா என்று.

"அவுனு சார், தினடானிக்கே" என்றாய் நீ. ஆமாம் சார், தின்பதற்குத்தான். நீ சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னாய்: "கல்லு இன்னா வெளஞ்சிக்கினா இருக்கும்? ஒருநாள் தீரும். அன்னிக்குக் குழிய மூடிக் குடுப்பான். மேல போட மண்ணு வேணாமா?" குவாரி திறக்கும் முன்பே அதை மூடும் நாளைப் பற்றி யோசித்தவன் ஊரில் நீ ஒருவன்தான். நாங்கள் உனக்குப் பைத்தியம் என்றோம்.

சொன்னபடி வடகிழக்கு மூலையில் மண்ணைக் குவித்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. நீ அதைச் சுற்றிக் கல் அடுக்கினாய். மழையில் கரையாமல் இருக்கக் கொள்ளு விதைத்தாய். வருஷாவருஷம் கொள்ளு காய்ந்ததும் மறுபடி விதைத்தாய். கோரையை மட்டும் அங்கேயும் உன்னால் ஒழிக்க முடியவில்லை.

உனக்குக் குவாரியில் பாறையில் துளை போடும் வேலை. சாயங்காலம் வரும்போது கண் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருக்கும். மூக்கில் துண்டு கட்டிக்கொள் என்றால், கட்டினால் மூச்சு முட்டுகிறது என்பாய். நான் புத்திசாலி, குழிக்குள் இறங்கவில்லை. தவணையில் டிப்பர் வாங்கி ஜல்லி ஓட்டினேன். வெள்ளைச் சட்டை போட்டேன். நீ இருமத் தொடங்கியது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பார்க்கவில்லை என்பதுதான் காரணம்.

ஒரு தை மாதம் உன்னைத் திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கல் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, இனி கழுவி எடுக்க வழியில்லை என்றார் டாக்டர். வார்டு ஜன்னலில் மலை தெரிந்தது. கீழே மொட்டைத் தலைகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. நீ அவர்களைப் பார்த்துவிட்டு, "அல்லாரும் இங்க வந்து முடிய குட்த்துட்டுப் போறான், நான் மூச்ச குட்த்துட்டுப் போறேன்" என்றாய். நான் சிரித்தேன். பிறகு படிக்கட்டுக்கு வந்து அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி வருவதை மட்டும் வைத்து என்னை எடை போடுவாய்.

அந்த வாரம்தான் சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றுக்கு வாசலில் புல் வளர்க்க நல்ல மண் கேட்டார்கள். திறப்புவிழா நெருங்கிவிட்டது, உடனே வேண்டும். காண்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தார். எனக்கு உன் மண் ஞாபகம் வந்தது. தவணை பாக்கி, வண்டி சும்மா நின்றது என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதுவும் நிஜமில்லை. நீ திரும்பி வரமாட்டாய் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மங்கம்மா உன் கட்டிலருகில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த இரண்டு பகலில், கொள்ளுச் செடியோடு சேர்த்து உன் மேட்டை வாரி ஏற்றினேன்.

நீ திரும்பி வந்தாய்.

மாசிக் கடைசி. புத்தூரில் பஸ் மாறி, நம் ஊர் நிறுத்தத்தில் மங்கம்மா தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாய். வீட்டுக்குப் போகாமல் நேரே குவாரி மூலைக்கு வந்தாய். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ஓடி வந்தேன்.

"மண்ணு எங்க மச்சான்?"

"மழைல போய்ட்ச்சி" என்றேன். மாசியில் நம் பக்கம் ஏது மழை. வானம் வெளுத்துக் கிடந்தது. நீ அண்ணாந்து வானத்தைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். கோபப்படுவாய் என்று நின்றிருந்தேன்.

"மழைல போச்சின்னா ஏரிக்குத்தான் போயிருக்கும்" என்றாய் நிதானமாக. "அங்கருந்து வந்ததுதானே. மறுபடி எடுத்துக்கலாம். நீ சோறு துன்னியா?"

சித்திரையில் ஏரி வற்றியது. ஒருநாள் காலை பழைய கூடையை எடுத்துக்கொண்டு நீ கிளம்பிவிட்டாய். பத்தடி நடந்தால் உட்காருகிற மனிதன். மங்கம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. மூன்று கூடை கொண்டுவந்து அந்த மூலையில் கொட்டினாய். நாலாவது கூடையை ஏரிக்கரைமேல் இறக்கி வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாய், எழவில்லை. தூக்கி வந்தோம். ஆறு நாள் மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினாய். ஏழாம் நாள் முடிந்தது. உன்னைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

நீ சொன்னது போலவே கல் தீர்ந்தது. கல் உடைக்கும் கிரஷரைக் கழற்றி வேறு மலைக்குக் கொண்டுபோனார்கள். குழியில் தண்ணீர் நின்று இரண்டு மாடு விழுந்த பிறகு, மூடித் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. கிராம சபையில் அதிகாரி மைக்கைப் பிடித்து, "மீ பூமி மீகே" என்றார். உங்கள் பூமி உங்களுக்கே. கைதட்டினோம். தட்டிய கை ஓயும் முன்பே ரோட்டோரப் பங்கு கிடங்கு கட்ட யாருக்கோ ஒதுக்கப்பட்டது. நல்ல மண் போட்டு மட்டம் செய்தது அதைத்தான். பட்டாக்காரர்களுக்குப் பின்பக்கத்துக் குழி. கடற்கரைப் பக்கத்து அனல் மின் நிலையத்திலிருந்து லாரி லாரியாக நிலக்கரிச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டி, மேலே விரல்கடை அளவு கிராவல் தூவி, அளந்து கல் நட்டுக் கொடுத்தார்கள். மேலே போட அவரவர் மண் எங்கே என்று கேட்டோம். உங்கள் ஊரில் யாரும் மண்ணை எடுத்து வைக்கவில்லையே என்றார் அந்த அதிகாரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மங்கம்மா தன் பங்கில் போன வருஷம் வேர்க்கடலை போட்டாள். விரல் உயரம் வந்து மஞ்சளாகி நின்றுவிட்டது. காற்று அடித்தால் நிலமே எழுந்து பறக்கிறது. இப்போது அவளும் இருமுகிறாள். பையன்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே அறை எடுத்துக்கொண்டார்கள். "இங்க வந்து இன்னாத்த துன்றது" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவள் அந்த நிலத்தை விடுவதாயில்லை.

என் டிப்பரைத் தவணைக்காரன் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது கம்பெனி பஸ்ஸில் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதே. லேபர் காண்ட்ராக்டர் இறக்கிவிட்ட இடம் அது. முதல் நாளே வாசல் அடையாளம் தெரிந்தது, கோரையைப் பார்த்ததும் உன் மண் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அங்கே சூப்பர்வைசர் ஒரு சின்னப் பையன். "எத்தினி வாட்டி மருந்தடிச்சாலும் இந்த எழவு போவ மாட்டேங்குது தாத்தா" என்று சலித்துக்கொள்கிறான். போகாது தம்பி என்று நான் சொல்வதில்லை.

களையின் வேரில் ஒட்டிய மண்ணை உதற வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் உதறுவதில்லை. சோற்று டப்பாவின் கீழ் அடுக்கில் போட்டு மூடிக்கொள்கிறேன். கேட்டில் செக்யூரிட்டி டப்பாவைத் திறந்து பார்த்தான். மண்ணைப் பார்த்துவிட்டு, இந்தக் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று முடிவு செய்துகொண்டான் போலிருக்கிறது. இப்போதெல்லாம் திறப்பதில்லை. ஊருக்கு வந்ததும் மங்கம்மா நிலத்து மூலையில் கொட்டுவேன். இன்னாணா அது என்று அவள் ஒருமுறை கேட்டாள். கம்பெனியில் வேண்டாமென்று தூக்கிப்போடுகிற மண் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்த மறுநாள், அவள் என்னை நிலத்துக்குக் கூப்பிட்டாள். அந்தச் சாம்பல் பரப்பு முழுக்க ஒரே ஒரு இடத்தில் பச்சை. கோரை முளைத்திருந்தது. அவள் குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். கிழங்கைக் கசக்கி மோந்தாள்.

"இது நம்ம கோரை."

"கோரை எங்கதான் இல்ல" என்றேன்.

"மழைல போன மண்ணு கம்பெனி டப்பாவுல வருதாணா?"

சொல்லிவிட்டேன் மச்சான். டிப்பர், காண்ட்ராக்டர், இரண்டு பகல், எல்லாம். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. கையிலிருந்த கிழங்கை உருட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவுரு ஏரிக்குப் போனாரே, நீ சொன்னத நம்பிப் போனாரா, தெரிஞ்சே போனாரா?"

எனக்குத் தெரியாது என்றேன். பதினாறு வருஷமாக நான் உன்னிடம் கேட்க நினைப்பதும் அதைத்தான். நம்பிப் போனாய் என்றால் என் பொய்தான் உன் தலையில் கூடையை ஏற்றியது. தெரிந்தே போனாய் என்றால், அன்றைக்கு நான் சாப்பிட்டேனா என்று ஏன் கேட்டாய்?

அவள் கோரையை வேரோடு அதே இடத்தில் திரும்ப நட்டாள். நீ ஆயுள் முழுக்கப் பிடுங்கிய களையை அவள் நடுகிறாள். மண்ணைக் காலால் மிதித்து அமுக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கும் எடுத்துக்கினு வா. நீ இருக்கற வரைக்கும் எடுத்துக்கினு வா."

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை. கம்பியை ஒரு கையிலும் டப்பாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மேல் அடுக்கில் மத்தியானம் தின்ன முடியாத சோறு, கீழ் அடுக்கில் நீ.