உரிமக் கோப்பில் உன் பெயர்

போன மாதம் உன்னைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. நாம் பாவித்த அந்தத் திறந்த மூல உரைத்தொகுப்பியோடு இணையும் செருகுநிரல்களைச் சேர்த்து விநியோகிக்கும் தன்னார்வலர் எழுதியிருந்தார். நம் எழுத்துருமாற்றியையும் தொகுப்பில் சேர்க்க விரும்புகிறாராம். ஆனால் அதை யார் எப்படிப் பாவிக்கலாம் என்று சொல்லும் உரிமம் அதில் இல்லை. எழுதிய இருவரும் சம்மதம் தரவேண்டும் என்றார். நீ போய் நாலு வருடமாகிறது என்று அவருக்குத் தெரியாது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த கிழமை அதை எழுதத் தொடங்கினாய். கல்முனையில் ஒரு பள்ளிக்கூட முகாமில் நமக்குப் பட்டியல் வேலை. மற்ற முகாம்கள் தங்களிடம் இருப்பவர்களின் பெயர்களை ஆளுக்கொரு எழுத்துருவில் அனுப்பின. நம் கணினியில் திறந்தால் கோடும் புள்ளியுமாக நின்றன. மகனைத் தேடி வந்த ஒருவர் திரையைப் பார்த்து, "இதில எங்கட புள்ளட பேர் எதும்மா?" என்று கேட்டார். அன்று பின்னேரமே பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றும் நிரலை எழுத உட்கார்ந்தாய். எழுத்து அட்டவணைகளை நான் தயாரித்தேன். மூன்றாம் நாள் அந்த மகனின் பெயர் வாசிக்கும்படி வந்தது. நீ மேசையில் தலையை வைத்து அழுதாய்.

பிறகு அதைச் செருகுநிரலாக்கிச் சீடியில் கொடுத்தோம். ஒரு கடைக்காரர் பிரதி எடுத்து விற்கிறார் என்று அறிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"விக்கப்படாதெண்டு உரிமத்தில எழுதுவம்," என்றேன்.

"விக்கட்டும்கா," என்று சிரித்தாய். "திருத்தினா, திருத்தினதையும் எல்லாருக்கும் குடுக்கணும். எழுதினவங்கட பேர அழிக்கப்படாது. அது போதும்."

நான் இறங்கி வரவில்லை. உரிமக் கோப்பு வெறுமையாகவே கிடந்தது. போர் முடிந்த வருடம் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

உன் பங்குக்கு இனி உன் உம்மாதான் சம்மதிக்கவேண்டும். மடிக்கணினியோடு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவள் இதொண்டும் எனக்குச் சொல்லல்லியே மகள்," என்றார். திரையை எட்டிப் பார்த்து, "அவட பேரு அதில இருக்குமா?" என்று கேட்டார்.

"ஓம் உம்மா. யாரு எடுத்தாலும் அந்தப் பேர அழிக்க ஏலா. அப்படித்தான் எழுதப் போறன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு நான் கொண்டுபோன சம்மதக் கடிதத்தில் ஒப்பமிட்டார். என் நிபந்தனையை விட்டுவிட்டு, நீ சொன்னபடியே உரிமத்தை எழுதி அனுப்பினேன்.

இந்தக் கிழமை செருகுநிரல் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. இரண்டே நாளில் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி, என் அட்டவணையில் 'ஸ்ரீ' உடைவதைக் கண்டு திருத்தி அனுப்பினாள். முன்பென்றால் மூன்று நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருப்பேன். இப்போது நன்றி எழுதி, நம் பெயர்களுக்குக் கீழே அவள் பெயரையும் சேர்த்தேன். இப்படி விட்டுக்கொடுக்க உன்னிடம்தான் பழகினேன். நீ இருக்கும்போது ஒரு தரமாவது செய்திருக்கலாம்.