பட்டுச் சேலையும் இலவச வைத்தியமும்

ரிங்லெட்,
12.8.1979

அன்புள்ள தனலெட்சுமிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

இங்கே ஒரு கூத்து. எனக்கொன்றும் இல்லை, பயப்படாதே. ஞாயிறுதோறும் என் கடையில் கோஸ் அடுக்க வரும் நவமணிக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தாக வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் அவள் காண்ட்ராக்ட் கூலி என்பதால் தோட்டத்து வைத்தியம் கிடையாது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம் என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஆபீஸ் என்றால் நல்லது உடுத்திப் போவதுதான் லயத்துக் குடியிருப்புப் பழக்கம். இருந்த ஒரே கல்யாணப் பட்டைக் கட்டி வந்தாள். சீட்டு எழுதுகிற கிராணி நம்ம தமிழ் ஆள்தான், அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“பட்டுக் கட்டுறவளுக்கு இலவசமா? நல்லா இருக்கு லா!”

“வயித்தப் பாக்கச் சொன்னா சீலையப் பாக்குறீங்களே, ஐயா!” என்றாள் நவமணி.

“ஏழைக்குன்னு அரசாங்கம் ஒதுக்கின துட்டு. ஒங்கப்பன் சொத்தா?” என்று நான் கத்திவிட்டேன்.

“கிழிஞ்சதக் கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க, பாக்கலாம்” என்கிறான்!

இலவசமாக முடியாவிட்டால் செலவை நானே கட்டுவேன். ஆனால் அடுத்து வருகிறவளுக்கு எவன் கட்டுவான்? நாளை பெரிய டாக்டரையே பார்க்கப் போகிறோம்.

அங்கிருந்து இங்கே வருகிற ஆளிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. பதில் கடிதத்தைப் பிள்ளைகளை எழுதவிடாமல் நீயே எழுது.

காய் ஏற்ற லோரிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். பழைய சேலை கட்டட்டுமா என்று நவமணி இப்போதுதான் கேட்டுப் போனாள். பட்டையே கட்டு என்று சொல்லிவிட்டேன்.

உன்,
சிவசாமி