ஐந்து காகிதப் பட்டைகள்

ஷோதோஷிமா,
மார்ச் 3, இரவு ஒரு மணி

அன்புள்ள சயோ அக்காவுக்கு,

நலமா? என் போனை அம்மா எடுத்துப் பார்ப்பாள். அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து இரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. எனக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அக்கா, அம்மாவுக்கு ஜனவரிக் காய்ச்சலுக்குப் பிறகு எந்த வாசனையும் தெரியவில்லை. வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். வருபவர்களுக்கு முகரக் கொடுக்கும் வாசனை அறையின் நாற்பது பெட்டிகளையும் வரிசையாக மனப்பாடம் செய்து சமாளிக்கிறாள்.

நேற்று எங்கள் வகுப்பை அங்கே அழைத்துப்போனார்கள். துடைத்தவர்கள் பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் போல. "மூடியத் திறந்து நல்லா மோந்து பாருங்க, எலுமிச்சைத் தோலு" என்றாள் அம்மா. உள்ளே காய்ந்த கணவாய். என் வகுப்புப் பையன் தைச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மினோரி, உங்க வீட்டு எலுமிச்ச கடல்லயா காய்க்குது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "ஏமாந்தீங்களா" என்று அம்மாவும் சிரித்தாள். சட்டென்று பெட்டியை மூடினாள்.

முந்தின வாரம் வீட்டில் அடுப்பு எரியாமல் கேஸ் மட்டும் திறந்தே இருந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் ஓடிப்போய் மூடினேன்.

பதினைந்தாம் தேதி ஊழியர்களின் மூக்குச் சோதனை. ஐந்து காகிதப் பட்டைகளில் இரண்டில் மட்டும் வாசனை இருக்கும். அவற்றைச் சரியாக எடுக்க வேண்டும். ஊழியர்களின் பிள்ளைகளான நாங்கள்தான் பட்டைகள் வைத்த தட்டை ஏந்துவோம். "வாசன இருக்கறத மட்டும் என் பக்கமாத் தள்ளி வைடீ, போதும்" என்கிறாள் அம்மா.

நான் என்ன செய்ய? வா அக்கா. பதிலைப் பள்ளி முகவரிக்குப் போடு.

உன் தங்கை,
மினோரி


ஒசாகா,
மார்ச் 8

அன்பு மினோரிக்கு,

கேஸ் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எதையும் தள்ளி வைக்காதே. வெளியே தெரிந்தால்தான் அவள் வைத்தியரிடம் போவாள். நான் வந்தால் கதவைச் சாத்திவிடுவாள், உனக்கே தெரியும். நீ என்னைவிடத் தைரியசாலி. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்னையே நினைத்திருக்கும்,
சயோ


ஷோதோஷிமா,
மார்ச் 16, இரவு

சயோ அக்காவுக்கு,

நேற்று நீ சொன்னபடியே செய்தேன்.

ஐந்து பட்டைகளையும் ஒரே கோட்டில் வைத்துத் தட்டை நீட்டினேன். அம்மா பட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இரண்டை எடுத்து முகர்ந்து, "ஒண்ணு ரோஜா, ஒண்ணு பீச் பழம்" என்றாள். இரண்டும் வெறும் காகிதம். அருங்காட்சியக இயக்குநர் குசே மெதுவாக, "அவசரமில்ல, இன்னொரு தடவ பாருங்களேன்" என்றார். அம்மா தன் அடையாள அட்டையைக் கழற்றித் தட்டில் வைத்தாள். என் கையிலிருந்த தட்டில்.

பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "யாருடீ சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்ல. நானாத்தான் செஞ்சேன்."

"அப்ப நீயும் பொட்டியக் கட்டு."

கட்டவில்லை. எங்கே போவேன்? அவளை எப்படித் தனியே விடுவேன்? அவள் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். வைத்தியர் என்றேன், காதில் வாங்கவில்லை. பக்கத்தில் போனால் எழுந்து போய்விடுகிறாள்.

உன் பெயரை நான் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன். ஆனால் அக்கா, தூரத்தில் இருந்து நீ சொன்னாய், பக்கத்தில் இருந்து நான் செய்தேன். இப்போதாவது வா. அவள் கதவைச் சாத்தினால் வெளியிலாவது நில். நான் உள்ளே இருந்து திறக்கிறேன்.

மினோரி