நூடுல்ஸ் கிண்ணம் இருந்த படம்

மார்ச் 2006, சனி இரவு. சன்னிவேல், கலிபோர்னியா.

இவர் ஆபீஸ் வேலையாக பாங்காக் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினார். சாயங்காலம் என்னையும் மகள் ஆயிஷாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, கேமராவிலேயே மிதக்கும் சந்தைப் படங்களைக் காட்டினார். லீவு நாளில் தனியாக டாக்சி பிடித்துப் போனாராம். கால்வாய் முழுக்கப் படகுகள். ஒன்றில் மாம்பழம், ஒன்றில் எரிகிற அடுப்பு. ஒரு படத்தில் இவர் கையில் நூடுல்ஸ் கிண்ணம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே மார்ஷ்மெல்லோ மிட்டாய் பாக்கெட்டைக்கூட, பன்றித் தோலில் எடுக்கிற ஜெலட்டின் இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

"ஹலாலான்னு பாத்தீங்களா?"

"இறால்தான். பன்னிக்கறி சேத்திருக்காங்களான்னு அந்த ஊரு பாஷையிலயே கேட்டுட்டுத்தான் சாப்பிட்டேன்."

"உங்களுக்கு எப்ப அந்தப் பாஷை வந்துச்சு?"

சட்டென்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். வெறும் தேங்காய்க் குவியல். ஆயிஷா, "வெயிட், கோ பேக் வாப்பா" என்றாள். காதில் வாங்கவில்லை.

தனியாகப் போனவருக்காக அந்தப் பாஷையில் கேட்டது யார்? வாயைத் திறந்தால் சந்தேகப் பிராணி என்பார்.

இவர் தூங்கியதும் கேமராவை எடுத்துப் பார்த்தேன். மாம்பழம் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. அந்தத் தேங்காய்கூட இருக்கிறது. கிண்ணத்தோடு இவர் இருந்த படம் மட்டும் இல்லை.