என்ர கைராசி

ஐப்பசி, வியாழக்கிழமை

எங்கட ஓர்க்கிட் சங்கத்தின்ர வரலாற்றை எழுதித் தாங்கோ எண்டு தலைவி கேட்டு ஒரு கிழமை. கண்காட்சிக்கு வேணுமாம். காலமை ஒரு வரி எழுதினன். அதுக்குள்ள எங்கட சங்கத்துப் பவானியக்கா பூச்சட்டியோட வந்திட்டா.

இலையெல்லாம் கறுப்புப் புள்ளி. "செயலாளர், உங்கட கையால தந்த ஓர்க்கிட் கண்டும் இப்பிடி ஆகுமே?" எண்டு கேட்டா. கோபமில்லை. அழப்போறவ மாதிரி நிண்டா.

விவசாயக் கந்தோரில வேலை செய்யிற மிஸ்ஸுக்குப் படம் அனுப்பினன். அது வைரஸாம். மருந்தில்லையாம், எரிக்கத்தான் வேணுமாம். வெட்டுற கத்தியாலதான் பரவுறதாம். "ஒவ்வொரு கண்டையும் வெட்ட முந்திக் கத்தியை நெருப்பில காட்டினீங்களோ அக்கா?" எண்டு கேட்டா.

உருத்திரபுரத்தில நாலு பேர் துவங்கின சங்கம் இப்ப மல்லாவி வரைக்கும் போயிட்டுது. சேர்ந்த ஒவ்வொருத்தருக்கும் என்ர தாய்க்கண்டில இருந்து நான்தான் பிரிச்சுக் குடுத்தனான். கைராசி எண்டு சொல்லி வேற ஒருத்தரையும் வெட்ட விடமாட்டினம். நானும் கத்தியைத் தொட்டுக் கும்பிட்டிட்டுத்தான் வெட்டுறனான். நெருப்பில காட்டினதில்லை, ஒருநாளும்.

பின்னேரம் தாய்க்கண்டைத் திருப்பிப் பாத்தன். அடி இலையில அதே புள்ளி.

இனி வீடு வீடாப் போய்ச் சொல்லவேணும். பவானியக்கா தன்ர கண்டைக் காணாமல் போன மகன்ர பேர் சொல்லித்தான் கூப்பிடுறவ. அதை எரியுங்கோ எண்டு நான் எந்த வாயால...

காலமை எழுதின வரி மேசையில கிடக்குது. "எங்கள் சங்கத்தின் அத்தனை செடிகளும் ஒரே கையால் வந்தவை."