நாலு மணிக்கு மெஷின் நிற்கும்

காத்தான்குடி
07.10.2025

அன்புத் தங்கச்சி இராசாத்திக்கு,

நாங்கள் நலம். உங்கள் எல்லோருக்கும் துஆச் செய்கிறேன். போனில் பேசினால் நீங்கள் என்னை முடிக்க விடுவதில்லை. அதனால் உங்களுக்குத் தைக்க அனுப்பும் துணி மூட்டைக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

மூன்று தனியார் பாடசாலைகளின் சீருடை ஓடர் கிடைத்திருக்கிறது. மார்கழி வரை நாலு மணிக்கு மூடாமல் ஏழு மணிவரை தைத்தால் போதும். கூலி ஒன்றரை மடங்கு. இன்னும் ஆறு மெஷின் போடலாம். உங்கள் தையல் நிலையமும் வளரும், பனிச்சங்கேணியும் வளரும். ‘ஓம், சம்மதம்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புள்ள நானா,
நஸீர்

பனிச்சங்கேணி
10.10.2025

மதிப்புக்குரிய நஸீர் நானாவுக்கு,

இங்கே தைக்கும் நாங்கள் பதினொரு பேரும் சுகம். உங்கள் கடிதத்தை உரக்க வாசித்தேன். ஒருவரும் ஓம் சொல்லவில்லை. கோபிக்காதீர்கள்.

நாலு மணிக்கு நாங்கள் எல்லே விளையாடுகிறோம். தடியால் பந்தை அடித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடும் அதே எல்லேதான். முதல் வருடம் ஊரே வேலியில் நின்று நக்கலடித்தது. இப்போது எங்களோடு தைக்கும் உசாந்தியின் புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் அடிக்கும் பந்துக்கெல்லாம் கத்துகிறார். றஞ்சிதா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், முன்பெல்லாம் நித்திரைக் குளிசை போடாமல் கண் மூடாதவர். உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தச் சல்லிக்கு நல்ல மெத்த வாங்கலாம்கா. நித்திர எனக்கு ஓடினாத்தானே வருகுது.”

கூலி வேண்டாத பணக்காரிகள் அல்ல நாங்கள். காலை எட்டிலிருந்து குனிந்த தலை நிமிராமல் தைக்கிறோம், அதில் அடுப்பெரிகிறது. அதற்கு மேல் வருவதைவிட அந்தப் பின்னேரம் எங்களுக்குப் பெரிது. இதைச் சொல்ல எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது.

தங்கை,
இராசாத்தி

காத்தான்குடி
13.10.2025

தங்கச்சிக்கு,

பந்தடிக்கவா தையல் நிலையம் நடத்துகிறீர்கள்? என் துணிக்கடையில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஓடரை ஏற்கும் இடத்துக்கே இனி என் எல்லா வேலையும் போகும். இந்த மூட்டைதான் உங்களுக்குக் கடைசி.

நஸீர்

பனிச்சங்கேணி
22.10.2025

நஸீர் நானாவுக்கு,

கடைசி மூட்டையும் முடிந்தது. ஒரு பொத்தானும் குறையவில்லை. உங்களை விட்டால் எங்களுக்கு வேலை தர வேறு ஆளில்லை. ஒரு வாரமாக அதைத்தான் பேசுகிறோம், பயந்துதான் பேசுகிறோம். முடிவு மட்டும் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை லொறியை அனுப்புங்கள். நாலு மணிக்கு முன் வரட்டும், பிறகு பூட்டிவிடுவோம்.

இராசாத்தி

காத்தான்குடி
26.10.2025

அன்புத் தங்கச்சி இராசாத்திக்கு,

வெள்ளிக்கிழமை லொறியோடு நானே வந்தேன். ஜும்ஆத் தொழுகை முடித்துப் புறப்பட்டதில் பிந்திவிட்டது. நிலையம் பூட்டியிருந்தது. நன்றாக ஏசிவிட்டுப் போகலாம் என்று மைதானத்துக்கு நடந்தேன். விளையாட்டு மும்முரத்தில் நீங்கள் என்னைக் காணவில்லை.

றஞ்சிதா ராத்தா அடித்த பந்து வாவிக்குள் போய் விழுந்தது. தோணியில் நின்றவர்கள்கூட அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். “ஓடுங்க ராத்தா, ஓடுங்க!” என்று நானும் கத்திவிட்டேன். முப்பது வருடமாகக் கடையை வளர்த்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி ஒருவரும் அப்படிக் கத்தியதில்லை.

ஏசாமலே திரும்பிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். பெரிய ஓடரை வேறு இடத்துக்குக் கொடுத்தாயிற்று. வழமையான வேலை உங்களுக்குத்தான், இந்தக் கடிதம் வரும் லொறியில் புதுத் துணியும் வருகிறது, தைத்து முடித்ததை அதிலேயே ஏற்றிவிடுங்கள்.

என் கடையில் வேலை செய்யும் பெண் பிள்ளைகளை நேற்று ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பினேன். இனி ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அவர்கள் போனபின் விரித்துக் கிடந்த சாரிகளை நானே மடித்தேன். எனக்கு ஒழுங்காக மடிக்கத் தெரியவில்லை, தங்கச்சி.

நானா,
நஸீர்