அம்மா ஸ்பானிஷில எழும்புறா

கொட்டாஞ்சேனை
9 மார்ச் 2025

அக்கா,

இல்லை, கோவமில்லை. கோவமெண்டா பதில் எழுதுவனா? எயார்போட்டில நான் காரை விட்டு இறங்கேல்லத்தான். இறங்கி வந்து "போயிட்டு வா" எண்டு சொன்னா, நீ கன்னியாஸ்திரியாப் போறதுக்கு நானும் ஓமெண்டு சொன்ன மாதிரி ஆயிடும். அவ்வளவுதான். இனி அதைக் கேக்காத.

மற்றக் கேள்விக்கு வாறன். "உனக்கு ஸ்பானிஷ் தெரியுமாமே, அம்மா எழுதினா" எண்டு கேட்டிருக்கிறாய். ஓம், தெரியும். நீ போன கிழமையே போனில ஆப் ஒண்டு இறக்கினனான். வெள்ளவத்தையில ஹாஷிம் நானாட போன் கடைக்கு வேலைக்குப் போற பஸ்ஸில இருந்து வேற என்ன செய்ய? ஃபுட்போல் கொமென்றியும் ஸ்பானிஷிலதான் கேக்கிறன். ஏன் படிச்சனி எண்டு மட்டும் கேக்காத.

கொன்வென்ட்டில போன் தராயினம், அதால கடிதத்தில படிப்பி எண்டுறாய். கெம்பஸை விட்டிட்டு வந்தவனிட்ட பாடம் கேக்கிறாய், நல்லா இரு.

உன்ர பிரச்சினை எனக்கு விளங்குது. "நான் எழும்பினா நான்தானே எழும்புறன், பிறகேன் என்னை நான் எழுப்புறன் எண்டு சொல்லோணும்?" எண்டு எழுதியிருக்கிறாய். அக்கா, நீ தமிழில அதைத்தானே செய்யிறாய். பாத்துக்கொள், உடுத்திக்கொள் எண்டு சொல்லுறதில்லையா? அந்தக் "கொள்"ளை நாங்க வாலில ஒட்டுறம், அவங்கள் தலையில வைக்கிறாங்கள். எனக்கெண்டா மே, உனக்கெண்டா தே, அம்மாவுக்கெண்டா சே, எங்க எல்லாருக்கும் நோஸ். மே லெவாந்தோ, நான் எழும்புறன். தே லெவாந்தாஸ், நீ எழும்புறாய். சே லெவாந்தா, அம்மா எழும்புறா.

அட்டவணை பாடமாக்காத. அதுதான் உன்ர பிழை. சின்னனில இருந்தே நீ எல்லாத்தையும் பாடமாக்கிற ஆள். அதை விட்டிட்டு, காலமை அம்மாக்குப் பின்னால போ. அவா எழும்புறா, முகம் கழுவுறா, சீப்பால தலை இழுக்கிறா, கதிரையில இருக்கிறா: சே லெவாந்தா, சே லாவா, சே பெய்னா, சே சியெந்தா. பிறகு என்னைப் பாத்துக் கோவப்படுறா: சே என்ஃபாதா. இது ஒண்டை மட்டும் முழுநாளும் பாவிக்கலாம். மிச்சம் பின்பக்கத்தில எழுதியிருக்கிறன்.

இன்னொண்டு. அம்மா செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போறா. "அந்தோனியாரே, அவளுக்கு அந்தப் பாஷை வரக்கூடாது, பெயிலாகி வீட்ட வந்து சேரோணும்" எண்டு சத்தமாவே சொல்லி மெழுகுதிரி கொளுத்துறா. நான் பக்கத்தில நிண்டு நீ பாஸாகோணும் எண்டு ஒண்டு கொளுத்துறன். ஒரே வீட்டில இருந்து ரெண்டு மனு. அந்தோனியாருக்குத் தலை சுத்தும்.

ஜொனாதன்

*

சமோரா, ஸ்பெயின்
6 ஏப்ரல் 2025

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தை உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து வாசித்தேன். அம்மாவின் மனுவை வாசித்துவிட்டு நான் சிரித்த சத்தத்துக்கு, கூட வேலை செய்யும் தன்சானியாப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

இங்கே எங்கள் சபை முதியோர் இல்லம் ஒன்றை நடத்துகிறது. என் வேலை அவர்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்ப்பது. நீ சொன்னபடி அட்டவணையை மூடிவிட்டேன். ஒவ்வொரு விரிப்பை மடிக்கும்போதும் அம்மா எழும்புகிறா, முகம் கழுவுகிறா, கோவப்படுகிறா. விரிப்புகளோடு நான் நன்றாகவே கதைக்கிறேன். மனிதர் யாராவது முகத்தைப் பார்த்தால்தான் வாய் பூட்டிக்கொள்கிறது. காலையில் ஒரு பாட்டி "நன்றாக நித்திரை கொண்டாயா?" என்று கேட்டா. பதில் எனக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடிவந்தேன்.

மே மாதம் சிஸ்டர் பிலார் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைப்பா. அவதான் நொவிஷியேட்டுக்கு, அதாவது எங்கள் பயிற்சிக்கு, பொறுப்பு. இங்குள்ள கிழவர்களோடு கதைக்க முடியாதவளை வைத்து என்ன செய்வது? அது நியாயம்தான். முடியாவிட்டால் கன்னியாஸ்திரியாகும் முதல் வார்த்தைப்பாடு இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். "வீட்டுக்கு" என்று நினைக்கும்போது சில வேளை நெஞ்சில் ஒரு வெளிச்சம் வருகிறது. அது கடவுளா, அம்மாவின் மீன் குழம்பா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தை விட்டுவிடு.

கடையில் மத்தியானம் சாப்பிடுகிறாயா? வெறும் பிளேன்ரீயும் மீன் வைத்த மாலுபணிஸும் சாப்பாடு இல்லை.

உன்னை நினைத்துச் செபிக்கும்,
ஷெரோமி அக்கா

*

சமோரா
21 மே 2025

தம்பி,

அம்மாவின் மெழுகுதிரி வென்றுவிட்டது.

சிஸ்டர் பிலார் கோபப்படவில்லை. "ஏன் இங்கே வந்தாய்?" என்று மட்டும் கேட்டா. மேசையில் ஒரு தோடம்பழம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தமிழிலும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவ தோடம்பழத்தை உரித்துப் பாதியை எனக்குத் தந்து, செப்டெம்பரில் இன்னொரு தரம் கூப்பிடுவதாகச் சொன்னா.

செப்டெம்பர் வரைக்கும் இழுக்க வேண்டுமா என்று யோசிக்கிறேன். பாஷை வரவில்லை என்று வந்தால் யாரும் என்னைப் பிழை சொல்ல மாட்டார்கள். நானாக விட்டுவிட்டு வந்தால்தான் ஊர் கதைக்கும். அது உனக்குத் தெரியாததா?

அம்மாவுக்கு மெதுவாகச் சொல்லு. சந்தோஷப்படுவா.

ஷெரோமி

*

கொட்டாஞ்சேனை
15 ஜூன் 2025

அக்கா,

சந்தோஷமா? கேள்.

அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள்தான் உன்ர கடிதம் வந்தது. அம்மா மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டவா. நான் மெதுவா ஒண்டும் சொல்லேல்ல, எனக்கு அது வராது. "அம்மா, அக்கா பெயில்" எண்டன்.

அவா கரண்டியைக் கீழ வச்சா.

"ஆர் அவளைப் பெயிலாக்கினது?"

"பிலார் எண்டு ஒரு சிஸ்டர்."

"அவவுக்கு என்ன தெரியும் என்ர பிள்ளையைப் பற்றி? ஸ்கூலில ஒரு பாடத்தில அவள் பின்னுக்கு நிண்டவளா?"

"நீங்கதானே பெயிலாக்கச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினது?"

"நான் வீட்ட அனுப்பச் சொல்லித்தான் கேட்டனான். பெயிலாக்கச் சொல்லி எப்படா கேட்டனான்?"

"சத்தமாக் கேட்டனீங்க. பக்கத்தில நிண்ட மனுசியும் திரும்பிப் பாத்தா."

"வாயை மூடு. மீன் கருகுது."

கருகினதைத்தான் அண்டைக்குத் திண்டம். அடுத்தநாள் திருநாள் சனத்துக்குள்ள இடிபட்டுப் போய், என்ர கையில இருந்த மெழுகுதிரியையும் பறிச்சு, ரெண்டையும் தானே கொளுத்தினா. என்ன கேட்டனீங்க எண்டு கேட்டன். "என்ர பிள்ளை மொக்கு இல்லை எண்டு அந்த மனுசிக்குக் காட்டச் சொன்னனான்" எண்டா.

இப்ப நான் சொல்லுறதைக் கேள். நான் கெம்பஸை விட்டது பெயிலாகி இல்லை. ஒருநாள் காலமை எழும்பினன், களனிக் கெம்பஸுக்குப் போகேல்ல, அவ்வளவுதான். எங்கட ஒழுங்கைச் சனம் முழுக்க நான் பெயிலெண்டுதான் நினைக்குது. எனக்குத் தெரியும் இல்லையெண்டு, அதால நித்திரை வருது. நீ வாயைத் திறக்காம இருந்து, அவங்கள் அனுப்பி வந்தாயெண்டா ஊர் உன்னைப் பாவம் எண்டு சொல்லும். உனக்கு நித்திரை வராது. வாறதெண்டா நீயா வா. எயார்போட்டுக்கு நான் வருவன், இந்தமுறை இறங்கி நிப்பன். நிக்கிறதெண்டா நீயா நில். தோடம்பழத்தைப் பாத்துக்கொண்டு இருந்து முடிவெடுக்காத.

செப்டெம்பருக்கு ஒண்டே ஒண்டு படி. எங்கட வீட்டின்ர ஒரு காலமை. அவா என்ன கேட்டாலும் அதைச் சொல்லு. நானும் அம்மாவும் இருந்து எழுதினது இதோட இருக்கு. அம்மா பக்கத்தில இருந்து சண்டை. "நாலரைக்கு எழும்புறன் எண்டு போடு." நீங்க ஆறுக்குத்தானே எண்டன். "அங்க இருக்கிற சிஸ்டர்மாருக்கு அது தெரியோணுமா? தினமும் பூசைக்குப் போறன் எண்டும் போடு." ஞாயிறு மட்டும்தானே எண்டன். சே என்ஃபாதா.

போட்டிருக்கிறன். பொய்யெண்டாலும் வினைச்சொல் சரி.

இப்ப மா குழைக்கேக்க "மே லெவாந்தோ, தே லெவாந்தாஸ்" எண்டு ஜெபமாலை மாதிரிச் சொல்லுறா. உனக்கு முதல் அவா பாஸாகிடுவா, கவனம்.

ஜொனாதன்

*

சமோரா
28 செப்டெம்பர் 2025

என் தம்பிக்கும் அம்மாவுக்கும்,

இதைச் சத்தமாக வாசி, ஒன்றையும் விடாதே.

சிஸ்டர் பிலார் அதே அறையில்தான் இருந்தா. மேசையில் இந்தமுறை பழம் ஒன்றும் இல்லை. "ஷெரோமி, ஏதாவது சொல்லு" என்றா. நான் "என் அம்மா எழும்புகிறா" என்று தொடங்கினேன்.

அவ்வளவுதான் ஜொனா, கதவு திறந்துவிட்டது. அம்மா முகம் கழுவுகிறா, தலை இழுக்கிறா. தம்பி எழும்பவே மாட்டான், அம்மா கோவப்படுகிறா. தினமும் பூசைக்குப் போகிறா என்றும் சொன்னேன். கடவுள் மன்னிக்கட்டும். சிஸ்டர் பிலார் "ஒவ்வொரு நாளுமா?" என்று கேட்டா. "ஒவ்வொரு நாளும், நாலரைக்கே எழும்பி" என்றேன்.

பிறகு அம்மா பிளேன்ரீயோடு வாசல் கதிரையில் இருக்கும் இடம் வந்தது. சே சியெந்தா. அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கும் மற்றக் கதிரை என்னுடையது. அங்கே கொஞ்சம் அழுதேன். ஆனாலும் வாய் பூட்டவில்லை, அழுதுகொண்டே கதைத்தேன். எல்லாரும் சாப்பிட்டு, கதவைச் சாத்தி, நீ பஸ்ஸுக்கு ஓடும் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

அவ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டா: "இப்படி ஒரு வீடு இருக்கிறதே, போகிறாயா, நிற்கிறாயா?"

போவதையும் நிற்பதையும் அவர்கள் இந்த "கொள்" வைத்துத்தான் சொல்வார்கள். மே வோய், மே கேதோ. நீ அனுப்பிய எந்தத் தாளிலும் அந்த இரண்டும் இல்லை. இத்தனை வினைச்சொல் எழுதினவன் அந்த இரண்டையும் மறந்திருக்க மாட்டான். நான் விரிப்பு மடிக்கும்போது மற்றவர்களிடம் கேட்டுப் பழகினேன்.

"மே கேதோ" என்று சொன்னேன். நிற்கிறேன். வாய் திறக்க முடியாமல் இல்லை. திறந்து சொன்னேன், அம்மா. வீட்டை முழுதாகச் சொல்லி முடித்த பிறகும் இங்கே நிற்கத்தான் மனம் வந்தது. அந்த வெளிச்சம் மீன் குழம்புதான். அது எங்கே போகப் போகிறது?

ஜனவரியில் வார்த்தைப்பாடு. வீட்டிலிருந்து ஒருவர் வரலாம், செலவைச் சபை பார்க்கும். அம்மாவைக் கேள். பிளேனுக்குப் பயம் என்று சொல்லுவா. கேள்.

கூய்தாதே, தம்பி. உன்னைப் பாத்துக்கொள்.

உங்கள் ஷெரோமி

*

கொட்டாஞ்சேனை
21 ஒக்டோபர் 2025

அக்கா,

வாசிச்சன். ஒண்டையும் விடேல்ல.

முடிச்ச உடன அம்மா எழும்பிப் போய், கழுவி வச்ச கோப்பை எல்லாத்தையும் திரும்பக் கழுவினா. பிறகு குசினிக்குள்ள இருந்தே கேட்டா: "தினமும் பூசைக்குப் போறன் எண்டு சொல்லியே போட்டாளா?"

"ஓம்."

"நாலரைக்கு எண்டுமா?"

"ஓம் அம்மா."

"அப்ப இனிப் போகத்தானே வேணும். பிள்ளையைப் பொய்க்காரி ஆக்க ஏலுமா?"

அண்டையில இருந்து நாலரைக்கு சே லெவாந்தா. தனியப் போகப் பயமாம், அதால நானும் மே லெவாந்தோ. உன்னாலதான் இது. கோயில் வாசலில நிண்டபடி நித்திரை கொள்ளுறன்.

போன செவ்வாய் கொச்சிக்கடையில ஒரு மெழுகுதிரிதான் வாங்கினா. என்ன கேட்டனீங்க எண்டன். "கேக்கேல்ல" எண்டா. வெளிய வந்து "அங்க குளிராமே, அவளிட்ட இருக்கிற சுவெட்டர் காணுமா?" எண்டு மட்டும் கேட்டா. வாசலில உன்ர கதிரையை எடுத்து உள்ள வைக்கவோ எண்டு நான் கேட்டதுக்கு, "அது நிண்ட இடத்தில நிக்கட்டும்" எண்டா.

ஹாஷிம் நானாட கடைக்கு ஒரு ஸ்பானிஷ் சோடி வந்தது, கடலுக்குள்ள விழுந்த போனோட. நான் கதைச்சன். அந்தாள் வயிறு பிடிச்சுச் சிரிக்கிறான், நான் கதைக்கிறது ஃபுட்போல் கொமென்றி மாதிரி இருக்காம். ஹாஷிம் நானா உடன "எங்கட பொடியன் ஸ்பெயின் பாஷையும் கதைப்பான்" எண்டு கடை வாசலுக்கு ஒரு போட் எழுதக் கொடுத்திட்டார். பாப்பம்.

நீ எழுதின அந்த ரெண்டு சொல்லைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்ல இல்லை. சரியாத்தான் சொல்லியிருக்கிறாய். நல்லாவும் சொல்லியிருக்கிறாய்.

அம்மா வாறா. பிளேனுக்குப் பயமில்லையாம், உன்னைப் பெயிலாக்கின அந்த மனுசியை ஒருக்கா நேரில பாக்கோணுமாம். பாத்து என்ன சொல்லப்போறீங்க எண்டன். ஸ்பானிஷிலயே சொல்லுவாவாம், அதை எனக்குச் சொல்ல மாட்டாவாம். சிஸ்டர் பிலாருக்குச் சொல்லி வை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் எயார்போட்டில விடேக்க நான் காரை விட்டு இறங்குவன், அதையும் எழுதி வச்சுக்கொள்.

இண்டைக்குத்தான் பாஸ்போட் எடுக்கப் பத்தரமுல்லைக்குப் போறம். அம்மா அந்த நீலச் சாறியை உடுத்து, கேட்டுக்கு வெளிய நிண்டு கத்துறா, முழு ஒழுங்கைக்கும் கேக்குது. இன்னும் எழுத இருக்கு, ஏலாது. போகோணும் அக்கா. மே வோய்.